பாலன் இல்லாத கை

"அரிசி டின்னுக்குள்ள கையை விட்டது யாருன்னு கேக்குறேன்..."

"அரிசி எடுக்காம எப்படி அத்தை சோறாக்குறது, நான் என்ன..."

"சோத்தைப் பத்தி யாருடி கேட்டா? அடியில துணியில முடிஞ்சு வச்சிருந்தேன். துணி கெடக்கு. உள்ள இருந்தவரு எங்க?"

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"எலி! முடிச்சை அவுத்து, பாலனை மட்டும் எடுத்துக்கிட்டு, கைக்குட்டையை நாலா மடிச்சு வச்சிட்டுப் போற எலி. நல்லா வளத்த எலி!"

மாமியார் ஆரிஸ்டெலா டின்னைக் கவிழ்த்த வேகத்தில் அரிசி மேசை விரிப்பிலும் சிமெண்டுத் தரையிலும் கொட்டிக் கிடந்தது. ஆரிஸ்டெலா இரண்டு கைகளாலும் அதைத் துழாவினாள். கல் பொறுக்குகிறவள் மாதிரி குனிந்து, ஒவ்வொரு பிடியையும் விரலிடுக்கில் வடியவிட்டுப் பார்த்தாள். மரியுக்ஸி துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, வலது காதை மாமியார் பக்கம் திருப்பியபடி நின்றாள். அவளுடைய ரவிக்கைக்குள், இடது பக்கம், கட்டைவிரல் அளவே இருந்த, சாந்தில் செய்த பாலன் இயேசு குத்திக்கொண்டிருந்தார். ஆசீர்வாதம் கொடுக்கத் தூக்கிய அந்தச் சின்னக் கை, அவள் மூச்சு வாங்கும்போதெல்லாம் சதையில் பதிந்தது. மூச்சைச் சின்னதாக வாங்கினாள்.

அடுப்படிக்கு எதிரே சுவர்ப்பலகையில் அந்தோணியார் நின்றார். முழங்கை உயரச் சுரூபம். முத்தம் வாங்கி வாங்கி மூக்கில் வர்ணம் போயிருந்தது. பழுப்பு அங்கி, கையில் லீலிப்பூ, இன்னொரு கை மட்டும் எதையோ ஏந்துகிற பாவனையில் வெறுமையாக மடிந்திருந்தது. அதில் பாலன் உட்கார்ந்திருக்கவேண்டிய இடத்தில் ஒரு துருப்பிடித்த ஆணி நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த மீன்பிடித் துறையில் இதை யாரும் விசேஷமாக நினைப்பதில்லை. கல்யாணமாகாத பெண் இருக்கிற வீட்டிலும், கடலுக்குப் போனவன் திரும்பாத வீட்டிலும் அந்தோணியாரின் கை காலியாகத்தான் இருக்கும். ஆரிஸ்டெலா அவரிடம் கெஞ்சுகிறவள் அல்ல. மகன் வில்மரின் படகு வரும் நேரத்தில் வராவிட்டால் முக்காலியைப் போட்டு ஏறுவாள், பாலனை ஆணியிலிருந்து பிடுங்குவாள், அவர் முகத்துக்கு நேராகக் காட்டுவாள். "பாரும் ஐயா. உம்ம புள்ள என் கையில. என் புள்ள கரையேறட்டும், அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு அரிசிக்குள் புதைத்துவிடுவாள். ஒரு தடவை கடல் கொள்ளைக்காரர்கள் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு ஆளை விட்டுவிட்டார்கள். இன்னொரு தடவை பனிமூட்டத்தில் வழி தவறிப் பெரு நாட்டுப் பக்கம் போய்விட்டது படகு. எந்தத் தடவையும் வில்மர் வராமல் இருந்ததில்லை. வந்ததும் பாலனைக் கழுவி, துடைத்து, ஆணியில் உட்காரவைத்து, "கணக்கு சரியாப்போச்சு" என்பாள்.

இந்த முறை ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடற்படை விமானம் ஒருநாள் தலைக்குமேல் வட்டமடித்துவிட்டுப் போனது. மற்றப் படகுக்காரர்களும் தேடினார்கள். பெட்ரோல் தீரும்வரை தேடிவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார்கள்.

படகில் போனது இரண்டு பேர். வில்மர் ஒருத்தன். மற்றவன் தனிலோ, மரியுக்ஸியின் தம்பி.

தனிலோ அந்தப் படகில் போகிறவனே இல்லை. அம்மா போன பிறகு அக்கா ஊட்டி வளர்த்த பிள்ளை. ஐஸ் கிடங்கில் வேலை. அன்றைக்கு விடிகாலை வாழைக்காய் உருண்டை தின்ன வந்தவன், இடது பக்கமாக நின்று இரண்டு தரம் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. கிட்டே வந்து அவள் முடியை ஒதுக்கிக் காதைப் பார்த்தான். காதுக்குக் கீழே தாடைவரை நீலம் பாரித்திருந்தது.

"கேக்குதா இதுல?"

"சளி பிடிச்சிருக்குடா."

"சளிக்கு அஞ்சு விரலு உண்டா அக்கா?"

"சத்தம் போடாத. அத்தை இருக்காங்க."

"நான் ஏன் சத்தம் போடப்போறேன்? இன்னைக்கு மச்சான்கூட நானும் போறேன். நடுக்கடல்ல ரெண்டே பேரு. நிதானமாப் பேசிக்கலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவள் தடுக்கவில்லை. ஒரு உருண்டையைக் கூடுதலாகக் கட்டிக் கொடுத்தாள்.

மரியுக்ஸிக்கும் ஒரு ஜெபம் இருந்தது. அதற்கு மெழுகுவத்தியும் கிடையாது, மணியும் கிடையாது. கரையை நோக்கி வரும் படகுகளில் வில்மருடைய மோட்டார் சத்தம் மட்டும் அவளுக்குத் தனியாகத் தெரியும். நடுவில் ஒரு விக்கல் விக்கிவிட்டு ஓடும். அந்த விக்கல் கேட்டதும் கட்டைவிரலால் உதட்டில் சிலுவை போட்டுக்கொள்வாள். ஆண்டவரே, இன்னிக்கு மீன் பட்டிருக்கணும். ஆண்டவரே, ஏலத்துல விலை கெடைச்சிருக்கணும். ஆண்டவரே, யாரும் அவனை எதுவும் சொல்லியிருக்கக்கூடாது. அப்படி முணுமுணுத்துக்கொண்டே அடுப்பைப் பார்ப்பாள், சட்டையை எடுத்து வைப்பாள், நாற்காலியை அவன் இழுக்கிற கோணத்தில் திருப்பி வைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குக் கோயில் மணி அந்த விக்கல்தான்.

படகு வராத முதல் ராத்திரி ஆரிஸ்டெலா விடியவிடிய அழுதாள். மரியுக்ஸி தூங்கிவிட்டாள். கட்டையாட்டம் தூங்கினாள். காலையில் கண்ணைத் திறந்தபோது உடம்பு லேசாக இருந்தது. அது ஏன் என்று புரிந்த கணத்தில்தான் முதல்முறையாகப் பயம் வந்தது. வில்மருக்குப் பயந்த பயம் அவளுக்குப் பழக்கம். அது எங்கே உட்கார்ந்திருக்கும், எப்போது எழுந்து வரும் என்று தெரியும். இது வேறு. இது உள்ளேயிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒருநாள் சோற்றுக்கு அரிசி அள்ளும்போது கைக்குட்டை முடிச்சு விரலில் பட்டது. அவிழ்த்தாள். பாலன் அவளைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தாள். மரியுக்ஸி முக்காலியைப் போட்டு ஏறினாள். இவரை அந்த ஆணியில் திருப்பி உட்காரவைத்துவிட்டால் முடிந்தது. பிள்ளை கைக்கு வந்துவிட்டால் அந்தோணியார் யாருக்கும் எதற்கும் கட்டுப்பட்டவர் இல்லை. வில்மரைத் தேடிக்கொண்டு அலைய அவருக்கு என்ன தலையெழுத்து?

ஆணிக்கு நேராகக் கையைக் கொண்டுபோனவள், அப்படியே நின்றுவிட்டாள். அதே படகில் தனிலோ இருந்தான்.

அரிசிக்குள் திரும்பப் புதைத்தால் இரண்டு பேரும் வருவார்கள். ஆணியில் வைத்தால் இரண்டு பேரும் வரமாட்டார்கள். ஒருத்தனை மட்டும் கொண்டுவர அந்த ஊரில் யாருக்கும் ஒரு முறை தெரியாது. முக்காலியில் நின்றபடி, வர்ணம் போன அந்த மூக்கைப் பார்த்து, அவள் வாய் தானாகச் சொன்னது: "தனிலோ மட்டும். தனிலோ மட்டும் போதும்." சொன்னது வலது காதில் கேட்டது. இறங்கினாள். பாலனை எங்கேயும் வைக்கத் தைரியம் வராமல் ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் அங்கேயேதான் இருந்தார். குளிக்கும்போது வாய்க்குள் வைத்துக்கொண்டாள்.

"இங்க வா" என்றாள் ஆரிஸ்டெலா.

அரிசியை விட்டுவிட்டு அவள் சுரூபத்தைப் பலகையிலிருந்து இறக்கி மேசைமேல் நிறுத்தியிருந்தாள்.

"எதுக்கு அத்தை?"

"அவரு தலையில கை வச்சுச் சொல்லு. நான் எடுக்கலைன்னு சொல்லு. அப்புறம் எலியோட நான் பேசிக்கிறேன்."

"தேவையில்லாம சத்தியம் பண்ணக்கூடாதுன்னு பங்குச் சாமியாரு சொல்லியிருக்காரு."

"பங்குச் சாமியாருக்குப் புள்ளையா குட்டியா? கையை வை."

"நான் எடுத்து என்ன பண்ணப்போறேன்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். எடுத்து என்ன பண்ணுவா? விக்க முடியாது. திங்க முடியாது." ஆரிஸ்டெலாவின் குரல் சட்டென்று இறங்கியது. "என் புள்ள வர்ற வழியை அடைக்கத்தான் முடியும்."

மரியுக்ஸி கையை நீட்டினாள். விரல்கள் சுரூபத்தின் தலைக்கு மேலே வந்து நின்றன, தொடவில்லை. குனிந்ததில் பாலன் நகர்ந்து அழுத்தினார். இங்கேயே கத்திவிடுவார் என்று இருந்தது. அந்தப் பயத்தில், கேட்கக்கூடாது என்று எத்தனையோ வருஷமாக அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"அத்தை, நீங்க அடுத்த ரூம்ல ஜெபமாலை சொல்லுவீங்களே. உங்க மகன் என்னை அடிக்கிற அன்னிக்கெல்லாம் சத்தமாச் சொல்லுவீங்க. நான் கத்தினா நீங்களும் கத்திச் சொல்லுவீங்க. அது யாருக்காக?"

ஆரிஸ்டெலாவின் கண் இமைக்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன, மணி உருட்டும்போது அசைகிற மாதிரி.

"எனக்குக் கேக்காம இருக்கத்தான்" என்றாள் கடைசியில். "அவங்கப்பன் என்னை அடிச்சப்ப, எங்க மாமியாரு ரேடியோவைச் சத்தமா வைப்பா. நான் மாதாவைச் சத்தமாக் கூப்பிடுறேன். அவ்வளவுதான் வித்தியாசம். இப்ப சொல்லு. பாலன் எங்க?"

வெளியே யாரோ மணலில் ஓடிவருகிற சத்தம். பக்கத்து வீட்டுப் பெத்ரா, ஒரு கால் செருப்பு இல்லாமல், கதவைப் பிடித்துக்கொண்டு இரைத்தாள்.

"அக்கா! படகு கெடைச்சிருச்சு! சூரை மீன் கப்பல்காரங்க பாத்திருக்காங்க. இப்பத்தான் ரேடியோவுல சொன்னாங்க. நம்ம படகுதான், பேரு எழுதியிருக்காம். உள்ள ஆளு உசிரோட இருக்காம்!"

"மாதாவே!" ஆரிஸ்டெலா மேசையைப் பிடித்தாள். அந்தோணியார் ஆடினார். "சொன்னேனே, சொன்னேனே! ரெண்டு பேரும் எப்படி இருக்காங்களாம்?"

பெத்ரா மூச்சு வாங்கினாள். அவள் கண்கள் ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் போய்த் திரும்பின.

"ஒருத்தன்தானாம் அக்கா. படகுல ஒருத்தன்தான் இருந்தானாம்."

"எவன்?"

"தெரியலையாம். நாக்கு வீங்கிப் பேச்சு வரலையாம். வெயில்ல தோலெல்லாம் வெந்து... ஆளு அடையாளம் தெரியலைன்னாங்க. அதுக்குள்ள ரேடியோ அந்துபோச்சு. சாயந்தரம் மந்தா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துருவாங்களாம். எங்க வீட்டுக்காரரு வண்டி கேக்கப் போயிருக்காரு. கெளம்புங்க. போட்டுக்க ஏதாச்சும் துணி எடுத்துக்கங்க, அவன்கிட்ட ஒண்ணும் இல்லையாம்."

அவள் வண்டியைப் பார்க்க ஓடிவிட்டாள்.

ஆரிஸ்டெலா உள்ளே போய் வில்மருடைய நீலச் சட்டையைக் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாதது. அதை மேசைமேல் அரிசிக்கு நடுவே வைத்தாள். மரியுக்ஸி கொடியில் காய்ந்த தனிலோவின் மஞ்சள் பனியனை எடுத்தாள். துவைக்கப் போட்டுவிட்டுப் போனது. தோளில் சின்னக் கிழிசல். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். சட்டையையும் பனியனையும் இரண்டு பெண்களும் பார்த்தார்கள். இதில் ஒன்றுதான் இன்றைக்குத் தேவைப்படும்.

தனிலோவாக இருந்தால், அவள் கேட்டதைக் கேட்டபடியே கொடுத்துவிட்டார் அந்தோணியார். கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி. அதை வாங்கிய கையை அப்புறம் எந்தத் தண்ணீரில் கழுவுவது? நடுக்கடலில் ரெண்டே பேரு என்று சிரித்தானே, என்ன பேசினார்கள்? எப்படி ஒருத்தன் மட்டும் மிச்சம்? வில்மராக இருந்தால்... அவளுடைய கேட்காத காதுக்குள் அந்த மோட்டார் விக்கியது. ஒரு தரம் விக்கிவிட்டு ஓடியது. கட்டைவிரல் தானாக உதட்டுக்குப் போனது. மற்ற கை ரவிக்கைக்குள் போய், இருந்ததை இறுக்கிப் பிடித்து வெளியே எடுத்துவிட்டது. எடுத்தபிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

ஆரிஸ்டெலா அந்த மூடிய கையைப் பார்த்தாள். அடிக்கப்போகிறாள் என்று மரியுக்ஸி வழக்கம்போல் தோளைக் குறுக்கினாள். மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள், தூங்குகிற குழந்தையின் கையைப் பிரிக்கிறவள் மாதிரி. உள்ளங்கை வியர்வையில் பாலன் கிடந்தார். சிவப்பு உதட்டு வர்ணம் கரைந்து ரேகைகளில் ஓடியிருந்தது. தூக்கியிருந்த சின்னக் கை ஒடிந்து தனியாகக் கிடந்தது.

தெருவில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. யாரும் நகரவில்லை. ஆரிஸ்டெலா அந்த ஒடிந்த துண்டை விரல்நுனியால் தொட்டாள். வர்ணம் போன மூக்கோடு நின்ற சுரூபத்தைப் பார்த்தாள், மேசையில் கிடந்த நீலச் சட்டையைப் பார்த்தாள், மருமகள் கையிலிருந்த பனியனைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் கோபம் இல்லை. மரியுக்ஸி அந்த வீட்டில் இத்தனை வருஷம் கண்ணாடியில் பார்த்த முகமாக இருந்தது அது. மாமியார் அவளுடைய வலது பக்கமாகச் சுற்றி வந்து, கேட்கிற காதுக்குக் கிட்டே வாயைக் கொண்டுபோனாள்.

"மகளே, நீ யாரு வரணும்னு கேட்ட?"