ஊசி ஓட்டை விழுந்த ரியால்

சுனாமி அடித்த செய்தி கேட்டு சவூதியிலிருந்து நான் ஓடி வந்தபோது, கல்முனைக்குடியில் என் வீடு இருந்த இடத்தில் வெறும் மணல். மகள் அப்ரா மிஞ்சியிருந்தாள், அல்ஹம்துலில்லாஹ். அபாயாவின் கீழ் விளிம்பில் வைத்துத் தைத்துக் கொண்டுவந்த எட்டாயிரத்து ஐந்நூறு ரியாலும் மிஞ்சியிருந்தது. ஊரான் வீட்டுக் கக்கூஸ் கழுவிச் சேர்த்த காசு அது.

எங்கள் பக்கம் வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை பேச எவனும் படியேற மாட்டான். அப்ராவுக்கு வீடு கட்டத்தான் அந்தக் காசு. ஆனால் கடற்கரையில் கட்டத் தடை, நாங்களோ முகாமில். தையலைப் பிரித்தேன். ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டு, எட்டாயிரத்தையும் சம்மாந்துறையில் நெல் வியாபாரம் செய்யும் என் காக்கா மீராமுகைதீனிடம் கேட்கும்போது திருப்பித் தரும் அமானிதமாகக் கொடுத்தேன். கூடப்பிறந்த மூத்தவர்.

"வெளிநாட்டு டொலர் வந்து கொட்டுது புள்ள. நம்மட ரூபா ஏறுது, ரியால் இறங்குது. இப்பவே ரியால் இருபத்தாறு ரூபாவுக்கு மாத்திப் போடுறன்" என்றார். மறுநாளே மாற்றியாயிற்று என்றார். அவரை நம்பாமல் யாரை நம்புவது?

நாலு வருஷம் கழித்து, யுத்தம் முடிந்த வருஷந்தான் கடலைவிட்டு உள்ளே ஒரு துண்டுக் காணி கிடைத்தது. அதற்குள் ரூபாய் இறங்கி, சீமெந்து கைக்கெட்டாத விலைக்குப் போயிருந்தது. காக்கா இரண்டு இலட்சத்து எண்ணாயிரத்தை எண்ணி வைத்தார்.

"கூரைக்குக் காணாதே காக்கா."

"அண்டைக்கு மாத்தின காசு இவ்வளவுதான். மேல ஒரு சதம் வாங்கினாலும் வட்டி. என்னையும் நரகத்துக்கு இழுக்கப் போறியா?"

கூனிக் குறுகிப் போய் மன்னிப்புக் கேட்டேன். கொடுக்கல் வாங்கல் முடிந்தால், மனதில் குறையில்லை என்று வாயால் சொல்வது எங்கள் வழக்கம்.

"ஹலாலாக்கிட்டன் எண்டு சொல்லு" என்றார்.

"ஹலாலாக்கிட்டன் காக்கா." மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாள், மிச்சமிருந்த அந்த ஐந்நூறு ரியாலையும் மாற்றிவிடலாமென்று பஸாரில் ஜவுபரின் நகைக்கடைக்குப் போனேன். காசு மாற்றுவதும் அவர்தான். தாளை வெளிச்சத்தில் பிடித்துச் சிரித்தார்.

"என்ன ராத்தா, இதுலயும் வரிசையா ஊசி ஓட்டை! போன கிழமை உங்கட காக்கா கொண்டு வந்த எட்டாயிரமும் இப்படித்தான். ரியாலுக்கு முப்பதரைப்படி குடுத்தன்."

தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அன்றைக்குக் காக்கா மாற்றவேயில்லை! என் காசைப் பெட்டிக்குள் பூட்டிவைத்து, ரூபாய் விழ விழ, ரியாலுக்கு நாலரை ரூபாய்ப்படி முப்பத்தாறாயிரம் லாபம் பார்த்திருக்கிறார். அப்ராவின் கூரையை எடுத்ததைக்கூடப் பொறுப்பேன். நரகத்தைக் காட்டி என்னையே மன்னிப்புக் கேட்க வைத்தாரே, அந்த வயிற்றெரிச்சல் ஆறவில்லை.

அடுத்த பஸ்ஸில் சம்மாந்துறை போனேன். கடையில் இரண்டு வியாபாரிகள் இருந்தார்கள். இருக்கட்டும் என்று தாளை அவர் மேசையில் விரித்து வைத்தேன்.

"நேத்து உங்களுக்குத் தந்ததைத் திருப்பி எடுக்க வந்திருக்கன்."

"என்னத்த?"

"ஹலாலாக்கிட்டன் எண்டு சொன்னனே, அதை."

தாளிலிருந்த ஓட்டைகளைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. மேசை லாச்சியை இழுத்து முப்பத்தாறாயிரத்தையும் என் முன்னால் வைத்தார்.

"இப்ப சொல்லு புள்ள, ஹலாலாக்கிட்டன் எண்டு."

காசை எண்ணினேன். சரியாக இருந்தது. சொல்லாமல் வந்துவிட்டேன்.