ஊசிக்குழாய்த் தண்ணீர்

கன்னையாவுக்கு இருந்தது ஒரே ஒரு கிட்னி. மற்றதைத் தம்பிக்குக் கொடுத்து நாலு வருஷமாகிறது. மிச்சமிருந்த அதையும் மத்தியானம் இரண்டு மணிக்கு எடுத்துவிடப் போகிறார்கள். எல்லாம் சந்திரகலா எழுதிக்கொடுத்த ஒரு எண்ணால் வந்தது. மலேசியாவில், கிள்ளானில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவள் அவள்தான்.

"மிஸ்ஸி, ஒரு வாய் தண்ணி குடுங்கலா," என்றார் தள்ளுகட்டிலில் படுத்திருந்த கன்னையா. கேரி தீவில் எண்ணெய்க்கான செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர்.

"ஆப்பரேஷனுக்கு முந்தி கூடாதுண்ணே."

சொல்லிவிட்டு உள்ளே வந்த சந்திரகலா அவருடைய ஸ்கேனை மறுபடி திரையில் திறந்தாள். அவர் கிட்னியில் சின்னதாய் ஓர் உருண்டை. நரம்பில் சாயமருந்து ஏற்றுமுன் ஸ்கேன் படத்தில் அதன் வெளுப்பைக் காட்டும் எண் நாலு, ஏற்றியபின் பதினேழு. வெறும் நீர்க்கட்டி மருந்தை இழுக்காது, எண்ணும் ஏறாது. ஏறினால் புற்று என்று முடிவு கட்டிவிடுவார்கள். சரி, சுற்றிலும் கிட்னி மருந்தில் பளீரென்று வெளுத்திருக்கும்போது, நடுவில் கிடப்பதன் எண்ணை இயந்திரமே கூட்டிக் காட்டினால்?

திங்கட்கிழமைதோறும் இயந்திரத்தைச் சோதிக்க, ஆளுக்குப் பதிலாக ஒரு போலி உடம்பை உள்ளே வைப்பார்கள். பேன்டம் என்று பெயர். உள்ளே இருப்பது வெறும் தண்ணீர். பூஜ்யம் காட்டும், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அதில் சாயமருந்தைக் கலந்து பார்க்க ஒரு மனுஷருக்கும் தோன்றவில்லையே! இவளுக்கு மட்டும் இதுவரை தோன்றியதா என்ன?

மணி ஒன்று. ஊசிக்குழாயில் தண்ணீர் நிரப்பி முனையை மூடினாள். ஐஸ்கிரீம் டப்பாவில் வெறும் தண்ணீர் ஊற்றி, அதற்குள் குழாயை அமுக்கி ஸ்கேன் செய்தாள். குழாய்த் தண்ணீர் ஒன்று காட்டியது. அடுத்து டப்பாவில் மட்டும் சாயமருந்தைக் கலந்தாள். குழாய்க்குள் அதே தண்ணீர்தான். எண் பதின்மூன்று!

"என்ன விளையாட்டு இது, சந்திரா? தியேட்டர் ரெடி," என்று சர்ஜன் ராமசுப்பிரமணியன் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டு முகம் சுளித்தார். "மருந்து குழாய்க்குள்ள கசிஞ்சிருக்கும்."

அவள் குழாயின் முனையைத் திறக்கவில்லை. வெளியே மட்டும் கழுவித் துடைத்து, மறுபடி வெறும் தண்ணீரில் வைத்து ஸ்கேன் செய்தாள். கசிந்திருந்தால் இப்போதும் எண் ஏறியே நிற்கும், கன்னையாவின் கதை முடிந்தது. வெளியே கட்டில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. ஐயோ, அவரை அழைத்துப் போக வந்துவிட்டார்கள்.

திரையில் ஒன்று. கசியவில்லை.

டாக்டர் கையுறை மாட்டி, எல்லாவற்றையும் தானே ஒருமுறை செய்து பார்த்தார். மருந்துக்குள் பன்னிரண்டு. பிறகு வெறும் தண்ணீரில் ஒன்று.

"அப்போ கேன்சர் இல்லைங்கிறியா?"

"அப்படிச் சொல்லல டாக்டர். நான் எழுதுன எண்ண நம்பி வெட்டாதீங்கன்னுதான் சொல்றேன்."

அவர் கையுறையைக் கழற்றினார். "மூணு மாசம் கழிச்சு அந்த உருண்டை வளந்திருக்கான்னு பாப்போம். அந்த ஆளுக்குத் தண்ணி குடு."

கன்னையா ஒரே மூச்சில் குடித்து முடித்தார். "ஏன் மிஸ்ஸி அழுறீங்க?"

"ஒன்னும் இல்லண்ணே. இன்னொரு கிளாஸ் குடிங்க," என்று மறுபடி ஊற்றினாள்.