ரேடியேட்டருக்கு ரவிக்கை

மெக்கானிக் ஜிப்பைத் தேடி மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். கூடத்தில் பெரியவரைக் கிடத்தி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் மேல் துணி போர்த்துவதற்கு முன்பே அவருடைய ஆக்சிஜன் மெஷினுக்கு உறை ஏறிவிட்டது. அந்த வீட்டில் எது முதலில், எது பிறகு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அங்கே உறையில்லாமல் திரிவது மனிதர்கள் மட்டும்தான். ஃபிரிட்ஜுக்கு உறை, ஃபிரிட்ஜின் கைப்பிடிக்குத் தனி உறை, மிக்ஸிக்குப் பூப்போட்டது, ரிமோட்டுக்குப் பாலிதீன். சோபா வாங்கிப் பதினோரு வருடமாகிறது. அதன் நிறம் என்ன என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அத்தனையும் நாத்தனாரின் தையல். விட்டால் தம்பிக்கும் ஒன்று தைத்து மாட்டிவிடுவாள், அவனும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பான் என்று மருமகள் நினைத்துக்கொள்வாள். அந்தத் தம்பிதான் அவள் புருஷன்.

மெஷின் வாடகைக்கு எடுக்கப் போன அன்று நடந்தது பெரிய கூத்து. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தருகிற மெஷின் என்று டாக்டர் சீட்டில் தெளிவாக எழுதியிருந்தார். மகன், தோளில் மாட்டிக்கொண்டு போகிற சின்ன மெஷின்தான் வேண்டும் என்றான். கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை போகவே நாலு பேர் பஞ்சாயத்து வேண்டியிருந்த மனிதர், என்னவோ மலையேறப் போகிறவர்போல. நாத்தனார், வெள்ளை சீக்கிரம் அழுக்காகுமே, கறுப்பில் இல்லையா என்று விசாரித்தாள். கரண்ட் போனால் என்ன செய்வது, காற்று வடிகட்டுகிற பஞ்சை எப்போது கழுவுவது என்று கேட்டவள் மருமகள் ஒருத்திதான். கேட்ட பாவத்துக்கு அத்தனை வேலையும் அவள் தலையில் விழுந்தது.

வாரம் ஒருமுறை மெஷினின் முதுகிலிருந்து பஞ்சைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்தாள். குமிழ் விடும் பாட்டிலில் தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றினாள். முப்பது வருடம் பஸ் ஓட்டிய பெரியவர் படுத்தபடியே மேற்பார்வை பார்ப்பார். குறை எதுவும் அகப்படாத நாட்களில் அவருக்கு மூச்சு கூடுதலாக வாங்கியது.

போன வாரம் நாத்தனார் டேப்போடு வந்து மெஷினுக்கு அளவெடுத்தபோதே, இதை மூடக் கூடாது என்று மருமகள் சொன்னாள். மெஷினோடு கொடுத்த தாளை எடுத்துக் காட்டவும் செய்தாள். தாளை எழுதினவன் வந்து தூசி தட்டுவானா என்று நாத்தனார் கேட்டாள். நேற்று ராத்திரி, எல்லோரும் படுத்த பிறகு, புது உறையை மாட்டிவிட்டு அப்பாவின் கட்டிலுக்குக் கீழேயே பாய் விரித்துப் படுத்தாள்.

இன்று காலை பதினொரு மணிக்குப் பெரியவர் போனார். பதினொன்றேகாலுக்கு மகன் மெஷின்காரர்களுக்குப் போன் செய்தான். சித்தப்பாவுக்குச் சொல்லும்போது பன்னிரண்டு. நாத்தனார் வந்தவர்களுக்கெல்லாம் காரணம் சொல்லத் தொடங்கினாள். முதலில் வந்தவர்களிடம், பஞ்சைச் சரியாகக் கழுவவில்லையோ என்னவோ என்றாள். பத்தாவது ஆள் வருவதற்குள் அந்தப் பஞ்சில் ஒரு மூட்டைத் தூசி சேர்ந்துவிட்டது. இருபதாவது ஆளுக்கு அதில் எலி குட்டி போட்டிருந்தது. மருமகள் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். டம்ளரை வாங்கியவர்கள் அவள் கையை ஒரு முறை பார்த்துவிட்டு வாங்கினார்கள். புருஷன் அதைக் கவனித்தான். கவனித்துவிட்டு வாசல் பக்கம் போய்விட்டான். அவனுக்குத் தெரிந்த வீரம் அது.

மெக்கானிக்கின் கைக்குக் கடைசியில் ஜிப் கிடைத்தது.

“தம்பி, அந்தப் பஞ்சக் கொஞ்சம் எடுத்து எல்லாருக்கும் காட்டுங்க” என்றாள் நாத்தனார், நிலைப்படியில் நின்றபடி.

அவன் எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “இவ்வளவு சுத்தமா வச்சிருக்கிற வீட்ட நான் பாத்ததில்லக்கா” என்றான். பிறகு உறையைத் தூக்கி, உள்பக்கம் ஸ்பாஞ்சு வைத்துத் தைத்திருந்ததை விரலால் அமுக்கினான். “இது யாரு தச்சது? வெளிக் காத்த இழுத்துத்தான இது ஆக்சிஜன் பிரிக்குது. மூக்கையும் வாயையும் சேத்துக் கட்டின மாதிரில்ல இருக்கு. ராத்திரி பூரா இது மேலதான் கெடந்துச்சா?”

கூடத்திலிருந்தவர்கள் கதவருகே கூடினார்கள்.

இன்று காலை ஆறு மணிக்கு, நாத்தனார் குளிக்கப் போயிருந்தபோது, மருமகள் அந்த உறையை உரித்தெறிந்தாள். அடியில், ஆக்சிஜன் சரியாக வரவில்லை என்று காட்டுகிற மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக எரிந்ததோ. பெரியவரின் விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் எழுபத்தெட்டுதான் என்று காட்டியது. இருபது நிமிடத்தில் விளக்கு பச்சையானது, எண்பத்தெட்டுக்கு ஏறியது. பெரியவர் தரையில் கிடந்த உறையைப் பார்த்தார். “ரேடியேட்டருக்கே ரவிக்கை தைப்பா என் மக” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்து இருமினார். அதற்குப் பிறகு ஐந்து மணி நேரம் இருந்தார். நுரையீரல் சல்லடையாகிவிட்டது, இனி நாள் கணக்குதான் என்று டாக்டர் முந்தின வாரமே சொல்லியிருந்தார். உறை இல்லாவிட்டால் இன்னும் ஒரு நாள் இருந்திருப்பாரா என்பதை அந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

மஞ்சள் விளக்கு. அவ்வளவுதான் அவள் சொல்ல வேண்டியது. பதினெட்டு வருட ஏச்சுக்கும் பேச்சுக்கும் வட்டியும் முதலுமாக அது போதும். காலையிலிருந்து அதை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தாள். நாத்தனாரைப் பார்த்தாள். பெரியவருக்கு மூச்சு முட்டும்போது வாய் எப்படித் திறந்திருக்குமோ, அப்படித் திறந்திருந்தது.

“இல்ல தம்பி” என்றாள் மருமகள். “இப்பத்தான் போட்டாங்க, தூசி படக் கூடாதுன்னு. மாமா போகும்போது பச்சை லைட்டுதான் எரிஞ்சுது.” பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள். “அப்படியே ராத்திரி போட்டிருந்தாலும் என்ன ஆயிருக்கப் போகுது அண்ணி? உங்க தையல் அவ்வளவு நெருக்கமா என்ன? ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நடுவுல மாமா பஸ்ஸையே ஓட்டிட்டுப் போயிருப்பாரு.”

சாவு வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று ஒரு பெரியம்மா முகத்தைச் சுளித்தாள். நாத்தனார் கூடத்துக்குப் போனாள்.

மெக்கானிக் மெஷினை உருட்டிக்கொண்டு போனான். மருமகள் காலி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். பெரியவரின் தலைமாட்டில் நாத்தனார் பாய் முழுவதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருமகள் வந்தது தெரிந்ததும், நிமிராமலேயே, கொஞ்சம் நகர்ந்தாள். ஓர் ஆள் உட்கார அது போதாது. அரை ஆளுக்குச் சரியாக இருக்கும்.

மருமகள் அந்த அரை இடத்தில் உட்கார்ந்தாள். மீதிப் பாதிக்குத் தரை சில்லென்றிருந்தது.