டிரம்லா வீட்டுத் தேரைக்கல்

டிரம்லா வீட்டின் தேரைக்கல் கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். பழுப்பு நிறம். விரலில் படவேண்டும் என்பதற்காக வெள்ளி மோதிரத்தில் அடிப்பக்கம் திறந்தபடி பதித்திருந்தார்கள். அந்தப் பக்கத்து ஸ்காட்லாந்துக்காரர்களுக்குத் தேரை என்றால் 'பேடக்'. அதனால் கல்லும் பேடக் கல். இப்போதைய வீட்டுத் தலைவர் நினியனின் முப்பாட்டனார் ஒரு கிழட்டுத் தேரையைச் சிவப்புத் துணிமேல் உட்காரவைத்துக் காத்திருந்து, அது தலைக்குள்ளிருந்து கக்கிய கல்லைத் திரும்ப விழுங்குவதற்குள் பறித்துக்கொண்டாராம்.

பிரசவிக்கும் பெண் அதை அணிந்திருந்தால், குன்றுக்குள் வாழும் மாயக்கூட்டம் தாயை நெருங்காது, பிள்ளையைத் தூக்கிப்போய்த் தன் பிள்ளையை மாற்றி வைக்கவும் செய்யாது என்பது நம்பிக்கை. கேட்டு வந்த யாருக்கும் டிரம்லா வீடு இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் கல்லை யார் கையிலும் கொடுத்தனுப்பும் வழக்கமும் இல்லை. வீட்டுத் தலைவரே நடந்து போய்த் தன் கையால் விரலில் போட வேண்டும். குழந்தையின் அழுகுரல் கேட்கும்வரை அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆட்டு இடையன் வீடோ, கூலிக்காரன் குடிசையோ, நினியன் பதினோரு வாசல்களில் அப்படி உட்கார்ந்திருக்கிறார். ஒருமுறை தாடியில் பனி உறைந்துபோயிற்று. எழுந்திருக்கவில்லை.

அவ்வளவு செய்த மனிதர் தன் ஒரே மகள் கிரிஸலோடு இரண்டு வருடமாகப் பேசவில்லை. அவள் மாவு ஆலைக்கார ராபினைக் கட்டிக்கொண்டு போனவள்.

அந்த இலையுதிர் காலத்தில், பாரிசில் படித்த வைத்தியர் லிண்ட்சே விருந்துக்கு வந்தார். ஆட்டிறைச்சியை மென்றுகொண்டே மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரெஞ்சுக்காரன் இதுக்கு வச்ச பேரும் தேரையிலேர்ந்து வந்ததுதான். லத்தீன்லயும் அப்படியே. ஊருக்கு ஊர் தேரை பேரைச் சொல்றான். ஒருத்தனாவது தேரைத் தலையைப் பிளந்து பார்த்தானா?"

"நீர் பார்த்தீராக்கும்?" என்றார் நினியன்.

"ஒண்ணில்ல, முப்பது. உள்ளே கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. இது எப்பவோ செத்த மீனோட பல்லு ஐயா. பாறைக்குள்ள கிடக்கும். சந்தேகம்னா உயிருள்ள தேரை முன்னாடி வச்சுப் பாரும். நிஜக் கல்லுன்னா பறிக்கப் பாயும்னு உங்க ஆளுங்கதானே சொல்றாங்க?"

மறுநாள் காலை யாருக்கும் தெரியாமல் நினியன் முட்டைக்கோஸ் பாத்தியில் மண்டியிட்டு, ஒரு தேரையின் முன்னால் மோதிரத்தை வைத்தார். தேரை தொண்டையை இரண்டு முறை உப்பியது. பிறகு நிதானமாகத் திரும்பிக்கொண்டு, பின்புறத்தை டிரம்லா வீட்டுக்குக் காட்டியபடி நடந்து போயிற்று.

அதே வாரம் ராபின் வந்து நின்றான். தொப்பியெல்லாம் மாவு.

"கிரிஸலுக்கு நாள் நெருங்கிருச்சுங்க. கல்லைக் கேக்கச் சொன்னா."

"இனிமே கல்லு வெளியே போகாது."

"நாலு மாசம் முன்னாடி இடையன் பொண்டாட்டிக்குப் போச்சேங்க. உங்க மகளுக்குப் போகாதா?"

"போகாதுன்னு சொன்னேன்."

ராபின் தொப்பியைக் கசக்கினான். "கோபம்னா என்மேல வச்சுக்குங்க. அவ கேட்டா, அதான் வந்தேன்."

கோபம் அல்ல. பொய்க் கல்லென்று தெரிந்தே மகள் விரலில் போட அவருக்கு மனம் ஒப்பவில்லை. பொய்யென்று வாய்விட்டுச் சொன்னால் நாலு தலைமுறை வாக்கும் பொய்யாகிவிடும். ஆகவே கதவைச் சாத்தினார்.

பெண் குழந்தை பிறந்து பிழைத்தது. கிரிஸல் மூன்றாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பெற்றவனே கல்லை மறுத்துவிட்டான் என்று தேவாலய வாசலில் பேசிக்கொண்டார்கள். நினியன் நிமிர்ந்த தலையோடு அவர்களைக் கடந்து போனார். வீட்டைப் பொய்யென்று சொல்வதைவிடத் தன்னைக் கொடியவன் என்று சொல்லட்டும்.

ஆறு வாரம்தான் அந்தப் பாரத்தைத் தாங்க முடிந்தது. அவளைக் கட்டியவனுக்காவது உண்மை தெரிய வேண்டும் என்று ஆலைக்கு நடந்தார்.

"அது தேரைக்கல்லே இல்ல, ராபின். நான் சோதிச்சுப் பார்த்துட்டேன். அதனாலதான் தரலை. அவமேல இருந்த கோபத்துல இல்ல."

ராபின் சாக்கின் வாயைக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"அது அவளுக்குத் தெரியுமேங்க."

"என்ன தெரியும்?"

"ஒம்பது வயசுல உங்க மோதிரத்தை எடுத்துக்கிட்டுப் போய் மூணு தேரைகிட்டக் காட்டினாளாம். மூணும் சீந்தலையாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. 'எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே, மனுஷன் ஒடிஞ்சு போயிருவார்'னும் சொல்லுவா."

"அப்புறம் எதுக்குக் கேட்டா?"

"கல்லுன்னா நீங்கதானே கொண்டு வரணும்? சும்மா கூப்பிட்டா வருவீங்களா? ஊர் வழக்கம்னா வந்துதானே ஆகணும்னு நினைச்சா. நான் திரும்பி வர்றதுக்குள்ள வாசல்ல முக்காலி போட்டு, அதுமேல ஆட்டுத்தோலும் விரிச்சு வச்சிருந்தா. அப்பாவுக்குக் குளிர் ஆகாதுன்னு. நீங்க வரலைன்னு தெரிஞ்சதும் அவளே அதை எடுத்து உள்ள வச்சா."

கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் வழிநெடுகக் கோத்து வைத்துக்கொண்டு வந்திருந்தார் நினியன். இப்போது அவர் கண் வாசலில் முக்காலி இருந்திருக்கும் இடத்துக்குப் போயிற்று.

உள்ளே குழந்தை சிணுங்கியது.

"உள்ள வாங்க. பிள்ளையைப் பார்த்துட்டுப் போங்க" என்றான் ராபின்.

"நேரமாச்சு. இன்னொரு நாள் வர்றேன்."

எப்போதும் சொல்லிப் பழகியதை வாய் சொல்லிவிட்டது. ராபின் வற்புறுத்தவில்லை. சிணுங்கல் அழுகையாக மாறவே உள்ளே போய்விட்டான்.

ஓடைப் பாலத்தைத் தாண்டிப் பாதி மேடு ஏறிய பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டு வந்தோம் என்பது நினியனுக்கு உறைத்தது. திரும்பிப் போகலாம். இருநூறு அடிகூட இராது. எந்த முகத்தோடு கதவைத் தட்டுவது என்று யோசித்தபடி, கீழே ஆலைச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நடுவழியிலேயே நின்றார்.