முன் சக்கரத்துக் கரி

பல் டாக்டர் அந்தக் காரை வாங்கியபோது வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து குனிந்தே கழுத்துவலி வாங்கிக்கொண்ட மனுஷன், ஆசைப்பட்டு ஒன்று வாங்கிக்கொள்ளட்டுமே என்று அவர் மனைவி விட்டுவிட்டாள். வெள்ளைக் கார். காலை வைத்தால் பாயும். பிரேக்கை மிதித்தால் ஆணியடித்த மாதிரி நிற்கும். வெள்ளிபோல் மின்னும் சக்கரத்துக்குள்ளே சிவப்புச் சாயம் பூசிய பெரிய பிரேக் தெரியும். அதைப் பார்ப்பதற்காகவே ஒரு சுற்று சுற்றி வந்துதான் ஏறுவார்.

அந்தச் சாவியை அவர் வீட்டாரைத் தவிர வேறொருவர் கையில் கொடுத்தது ஒரே ஒரு தடவை. மனைவியின் தம்பிக்கு.

தம்பிக்கு வீட்டில் ‘ராக்கெட்’ என்று பெயர். காலேஜில் படிக்கும்போது அப்பாவின் காரைக் கேட்காமல் எடுத்துப்போய் ஒரு மதில்சுவரில் மோதி வைத்தான். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கார்தான் அப்பளமாகிவிட்டது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது அவன் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறான். ஒரு மாத்திரையைக்கூட இரண்டு தடவை சரிபார்க்காமல் கொடுக்கமாட்டான். வேலைக்குப் போவது சைக்கிளில். ஆனாலும் பெயர் போகவில்லை.

அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது.

“ஆஸ்பத்திரியிலேர்ந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரணும், அத்தான். முதமுதல்ல வீட்டுக்கு வர்ற பாப்பா. டாக்ஸியில கூட்டிட்டு வர மனசு வரல” என்று போனில் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

அன்றைக்கு டாக்டருக்கு வெளியூரில் ஒரு கூட்டம். இல்லாவிட்டால் நானே ஓட்டி வருகிறேன் என்று சொல்லித் தப்பித்திருப்பார். மனைவி எதிரே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எடுத்துக்கோடா, அதுக்கென்ன” என்று சொல்லிவிட்டார்.

கூட்டம் முடிந்து ஊர் திரும்பியவர் மறுநாள் காலையில் காரைப் பார்த்தார். முன் சக்கரங்கள் இரண்டும் கன்னங்கரேலென்று இருந்தன. விரலால் தொட்டால் விரல் கறுத்தது. சிகரெட் குடிப்பவர்களின் பல்லைத் தினமும் பார்த்து அலுத்த அவருக்கு, சொந்தக் காரையே அப்படிப் பார்க்க வயிறு எரிந்தது.

“உன் தம்பி என்ன பண்ணியிருக்கான், வந்து பாரு!”

மனைவி வந்து குனிந்து பார்த்தாள். “சனிக்கிழமை மலையிலேர்ந்து இறங்கினோமே. அப்ப வந்திருக்கும்.”

“நான் ஓட்டினா இப்படி ஆகுமா? இது ரேஸ் ஓட்டின கார். ராக்கெட் புத்தி எங்க போகும்?”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு உள்ளே போய்விட்டாள்.

அது அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வாரம் குழந்தையைப் பார்க்க எல்லோரும் ராக்கெட் வீட்டில் கூடினார்கள். சின்ன ஹால். ராக்கெட்டின் மாமனார் ஜன்னலோர நாற்காலியில் பேத்தியை மடியில் வைத்திருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அதிகம் பேசமாட்டார், எதையும் மறக்கவும் மாட்டார். சாப்பிட்டு முடித்து ஆளுக்கொரு பேச்சாக ஓடிக்கொண்டிருந்தபோது யாரோ புதுக் காரைப் பற்றிக் கேட்டார்கள்.

“காருக்கு என்ன, ஜோரா இருக்கு” என்றார் டாக்டர். “ஒருநாள் நம்ம ராக்கெட் கிட்ட குடுத்தேன். பிரேக்கையே அரைச்சு மாவாக்கிட்டான். சக்கரமெல்லாம் கரி. கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு என்ன வேகத்துல வந்தானோ!”

சிரிப்பார்கள் என்று நினைத்துத்தான் சொன்னார். இரண்டு பேர் சிரிக்கவும் செய்தார்கள். ராக்கெட் தண்ணீர்ச் செம்போடு நடுவில் நின்றுவிட்டான்.

“நான் வேகமா ஓட்டல, அத்தான்.”

“ஊர்ந்துதான் வந்தாரு, அண்ணா” என்றாள் அவன் மனைவி. “பின்னாடி வந்தவங்கல்லாம் திட்டிட்டே போனாங்க.”

“சரிம்மா, உன் வீட்டுக்காரர விட்டுக்குடுப்பியா நீ!” என்று டாக்டர் கண்ணைச் சிமிட்டினார்.

வாத்தியார் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மடியிலிருந்த குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டார்.

டாக்டர் காரை ஷோரூமுக்கு எடுத்துப்போனார். சர்வீஸ் பிரிவில் இருந்த பெண் சக்கரத்தைப் பார்த்ததும் புன்னகைத்தாள்.

“புது வண்டி எடுத்த எல்லாரும் இதைக் கேட்டுட்டு வருவாங்க, சார். கோளாறு ஒண்ணும் இல்ல. இந்த மாதிரி வண்டிக்கு பிரேக் கட்டை நல்லா கடிச்சுப் பிடிக்கற ரகம். பிடிக்கப் பிடிக்கத் தேஞ்சு பொடியா கொட்டும். சக்கரம் ஆறினப்புறம் சோப்புத் தண்ணியில கழுவுங்க, ஆசிட் மட்டும் போட்டுடாதீங்க. ரொம்ப உறுத்துதுன்னா வேற ரகக் கட்டை மாத்தலாம். பொடி கம்மி, ஆனா இந்தப் பிடி இருக்காது. மத்தபடி ஓட்டறதப் பொறுத்துதான். கடைசி நிமிஷத்துல ஓங்கி மிதிச்சா நிறையக் கொட்டும்.”

கடைசி வாக்கியத்தை டாக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரின் குணமே அதுதான் என்பது மட்டும் போதுமாக இருந்தது. அப்படியானால் ராக்கெட் மேல் தப்பில்லை என்பதும் அந்த இடத்திலேயே அவருக்குப் புரிந்தது. திரும்பும் வழியில் ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. அவன் இந்நேரம் மறந்திருப்பான், நாம் ஏன் கிளறவேண்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கழுவுவதற்குப் புது பிரஷ் வாங்கினார். இடுக்குகளுக்குப் பழைய டூத்பிரஷ். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பளபளவென்று தேய்த்துவிட்டு எழுந்தபோது சோப்பு நுரையில் கால் வழுக்கிக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. எலும்பு டாக்டர் ஒருவர் கட்டுப் போட்டுவிட்டு, கொஞ்ச நாள் கார் ஓட்டக்கூடாது என்றார். பல் டாக்டருக்கு இன்னொரு டாக்டரின் பேச்சைக் கேட்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம். ஆனால் வலி கேட்க வைத்தது.

மனைவி ஓட்டினாள். மகளைப் பள்ளியில் இறக்கி, அவரை கிளினிக்கில் இறக்கி, சாயங்காலம் எல்லோரையும் அள்ளிக்கொண்டு வந்தாள். தூரத்தில் சிக்னல் சிவப்பாகத் தெரிந்தாலே காலை எடுத்துவிடுவாள். கார் தானாகத் தளர்ந்து போய் மெல்ல நிற்கும். பக்கத்து இருக்கையில் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாரக் கடைசியில் நொண்டிக்கொண்டே போய்ச் சக்கரத்தைப் பார்த்தார். லேசாகச் சாம்பல் படிந்திருந்தது. அவ்வளவுதான். அவர் ஓட்டினால் இரண்டே நாளில் கறுத்துப்போகும் அதே சக்கரம்.

பின்கதவைத் திறந்து பையை எடுத்துக்கொண்டிருந்தாள் மகள். “கால் சரியானதும் நீங்கதான் ஓட்டுவீங்களா, அப்பா?” என்று கேட்டாள்.

“ஆமா. ஏன்?”

“ஒண்ணுமில்ல. அம்மா ஓட்டினா கண்ணைத் தொறந்துட்டு வரலாம்.”

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் மறுக்கவில்லை.

“மலையிலேர்ந்து இறங்கின அன்னிக்கு அவ என் கையப் பிடிச்ச பிடியில நகம் பதிஞ்சிடுச்சு” என்றாள். “நான் சொன்னா கேட்டிருப்பீங்களா? பழி போட ஒருத்தன் கிடைச்சான், தூக்கிப் போட்டுட்டீங்க.”

மனைவியும் மகளும் உள்ளே போன பிறகும் அவர் அங்கேயே சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வேகமாக ஓட்டினோம் என்பதைவிட, தன் காரில் உட்கார்ந்து தன் மகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தது இத்தனை நாளாகத் தனக்குத் தெரியவில்லையே என்பதுதான் அவரைக் குறுக வைத்தது.

மறுநாள் காலை மனைவியை ஓட்டச் சொல்லி ராக்கெட் வீட்டுக்குப் போனார். வாசலில் ஒரு டாக்ஸி நின்றது. குழந்தைக்குத் தடுப்பூசி போடக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ராக்கெட் பையை டாக்ஸியில் வைத்துவிட்டு நடைபாதையில் ஒதுங்கி நின்றான்.

“நீ போகலியா?” என்று கேட்டாள் அக்கா.

“மாமா கூட்டிட்டுப் போறாரு, அக்கா. என் ஃபிரெண்டு காரு தரேன்னான். மாமாதான் வேணாம்னுட்டாரு. நான் ஓட்டற வண்டியில பாப்பாவ ஏத்தறதில்லன்னு சொல்லிட்டாரு.” அத்தானின் பக்கம் பார்க்காமலே சொன்னான். “சரி, நானும் டாக்ஸியில வரேன்னேன். எங்க மேல நம்பிக்கை இல்லியா மாப்பிள்ளைன்னாரு. அதான் நின்னுட்டேன்.”

அவன் மறந்திருப்பான் என்று நினைத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று டாக்டருக்குப் புரிந்தது. வரும் வழியெல்லாம் தனியாகக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லலாம் என்றுதான் யோசித்து வந்திருந்தார். தனியாகச் சொல்வது போதாது என்று இப்போது தெரிந்தது.

வாத்தியார் குழந்தையோடு படி இறங்கி வந்தார். டாக்டர் நொண்டிக்கொண்டே போய் அவர் முன்னால் நின்றார்.

“ஒரு நிமிஷம் சார். அன்னிக்கு நான் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு சொன்னேன்ல. இவன் வேகமா ஓட்டினான்னு. அது பொய்.”

“பொய்யா?”

“பொய்னா... எனக்கு அப்ப தெரியாது. இல்ல, தெரிஞ்சுக்க விரும்பல. வேகமா ஓட்டினது நான். முந்தின நாள் என் பொண்டாட்டி புள்ளய வெச்சுக்கிட்டு மலையிலேர்ந்து இறங்கினேன். அந்தக் கரி என்னோடது. அப்புறம் ஷோரூம்லயும் சொன்னாங்க. தெரிஞ்சப்புறமும் வாய மூடிட்டு இருந்துட்டேன். இவன் மேல ஒரு தப்பும் இல்ல.”

டாக்ஸி டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ராக்கெட்டின் மனைவி கதவைப் பிடித்தபடி நின்றாள். வாத்தியார் டாக்டரை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க படிச்சவரு. நாலு பேருக்கு நடுவுல சொன்னீங்க. நான் நம்பினேன்” என்றார் கடைசியில். “என் மாப்பிள்ளை சொன்னத நம்பல.”

அதைச் சொல்லும்போது அவர் குரலும் தாழ்ந்தது. திரும்பி, “வாங்க மாப்பிள்ளை, நீங்களும் வாங்க” என்றார். குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு முன் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

டாக்டர் தன் கார்ச் சாவியை மனைவியிடமிருந்து வாங்கி நீட்டினார். “இதுல போங்கடா. நீயே ஓட்டு.”

ராக்கெட் சாவியைப் பார்த்தான். “வேணாம் அத்தான்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது டாக்டருக்கு இன்னும் உறைத்தது.

“மன்னிச்சுக்கடா.”

“நேரமாச்சு. அப்புறம் பேசலாம், அத்தான்.”

டாக்ஸி கிளம்பிப் போனது. டாக்டர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு தெருவிலேயே நின்றார். மனைவி அவர் கையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு, “வந்து உக்காருங்க. கால் வலிக்கும்” என்றாள்.