குரல் தெரிந்த குஞ்சு

என் வேலைக்கு இரண்டே வார்த்தைகள் போதும். நிக்கும், நிக்காது. வாத்துப் பண்ணையில் குஞ்சு பொரிகிற நாளில் ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் விடுவேன். மூன்று எண்ணுவதற்குள் காலூன்றி நின்றால் "நிக்கும்" என்பேன், கூட வேலை செய்கிற தீனிக்காரம்மா அதைப் பெட்டியில் வைப்பாள். இல்லாவிட்டால் "நிக்காது", வாளிக்குப் போகும். வாளிக்குப் போனது என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், நானும் கேட்டதில்லை. இப்படியே பத்தொன்பது வருடம் ஓட்டிவிட்டேன்.

அன்றைக்குக் கடைசி முட்டைத் தட்டில் ஒன்று. கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் விரிந்து, வயிறு மேஜையில் ஒட்டிக் கிடந்தது. நிக்காது என்றேன். சட்டென்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. தீனிக்காரம்மா அதை வாளியில் போட்டதும் காது கிழியக் கத்தியது. அடுத்த குஞ்சுக்கு நான் "நிக்கும்" என்றேன், கத்தல் நின்றது. வாயை மூடினேன், மறுபடி ஆரம்பித்தது.

"உங்க குரல் அதுக்குத் தெரியுது அண்ணா. முட்டைக்குள்ள இருக்கும்போதே கேட்டிருக்கும். அந்த மெஷின்கிட்ட நின்னுக்கிட்டு அப்படி என்னதான் பேசுவீங்க?" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேசுவது உண்மைதான். மனைவி போய் எட்டு மாதம். வீட்டில் சுவரோடு பேசினால் பக்கத்து வீட்டார் எனக்குக் கழன்றுவிட்டது என்பார்கள். பொரிக்கிற இயந்திரத்தின் விசிறி போடும் இரைச்சலில் என்ன சொன்னாலும் ஒருவர் காதிலும் விழாது. அதனால் அதன் கதவோரம் நின்று அவளைத் திட்டுவேன். என்னை இப்படி ஒண்டியாக விட்டுப் போனதற்குத் திட்டுவேன், கத்தரிக்கோலை எங்கே வைத்தாள் என்று சொல்லாமல் போனதற்கும் திட்டுவேன். கடைசித் தட்டு கதவை ஒட்டி இருக்கிறது, முட்டைக்கும் காது உண்டு என்பதெல்லாம் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

என் திட்டைக் கேட்டே வளர்ந்ததை வாளியில் விட மனசு வரவில்லை. மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

விரிந்த காலைச் சேர்த்து வைக்க அந்த மூன்று நாள்தான் கெடு. அதற்குமேல் எலும்பு முற்றிவிடும், பிறகு ஜென்மத்துக்கும் எழுந்திருக்காது. இரண்டு காலுக்கும் நடுவே சின்ன இடைவெளி விட்டுப் பிளாஸ்திரி சுற்றினேன். வழுக்காமல் இருக்கப் பெட்டிக்குள் பழைய துண்டு, மேலே சூட்டுக்கு ஒரு பல்பு. மூழ்கிவிடாதபடி தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் ஊற்றினேன். தீனியைக் குழைத்து அலகில் தொட்டு வைத்தேன். எல்லாம் சரி, ஆனால் நான் பேசினால்தான் விழுங்கியது. நிறுத்தினால் கத்திக் கத்தித் தலை துவண்டு விழுந்தது. இருந்த கொஞ்சநஞ்ச உயிரையும் அது கத்தியே தீர்த்துவிடும் போலிருந்தது.

நானோ வாயில்லாப்பூச்சி. முதல் நாள் எதையெல்லாமோ சொல்லி ஓட்டினேன். பல்பு டப்பாவில் எழுதியிருந்ததை வாசித்தேன். பழைய பேப்பரில் வரன் விளம்பரம் முழுக்கப் படித்தேன், அதற்கும் கேட்டுக்கொண்டே தின்றது. மறுநாள் மத்தியானத்துக்குள் என் சரக்கு தீர்ந்துவிட்டது. பெட்டிக்குள் கத்தல் எழுந்து, சன்னமாகி, நின்று நின்று வந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இது செத்தால் இந்த வீட்டில் மறுபடி நான் மட்டும்தான்.

அதனால் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

குளியலறைத் தாழ்ப்பாளைச் சரிசெய்யச் சொல்லி அவள் நாலு மாதம் கேட்டாள். நாளை நாளை என்றேன். ஒருநாள் அவளே தச்சரைக் கூப்பிட்டு வேலையை முடித்துவிட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் என்ன செத்தா போனேன் என்று கேட்டேன். அதோடு பேச்சை நிறுத்தினேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். அவள் முதல் இரண்டு நாள் கெஞ்சினாள், பிறகு சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். சாப்பாடு ஆறுகிறது என்பாள் சுவரிடம். குடை எடுத்துப் போகச் சொல்வாள், அதுவும் சுவரிடம். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் காலையில் சமையலறையில் விழுந்தாள். நான் ஓடிப்போய்ப் பிடித்தபோது கண் திறந்திருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கேட்டதோ கேட்கவில்லையோ.

"நான்தான் முதல்ல பேசியிருக்கணும்," என்றேன் பெட்டியைப் பார்த்து. "ஒரு வார்த்தை. ஏய்னு கூப்பிட்டிருந்தாக்கூடப் போதும்."

இதைச் சொல்லும்போது அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. குஞ்சு தீனியை விழுங்கிவிட்டு அலகைத் துண்டில் துடைத்தது. அதற்கு எல்லாம் ஒன்றுதான், வரன் விளம்பரமும் இதுவும்.

மூன்றாம் நாள் பிளாஸ்திரியை உரித்தேன். கொஞ்சம் மயிரும் கூடவே வந்துவிட்டது. துண்டின்மேல் விட்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். தள்ளாடி, பின்பக்கமாய் உட்கார்ந்து, எழுந்து நின்றது. பிறகு என் குரலைப் பிடித்துக்கொண்டு கட்டில்வரை நடந்து வந்தது.

வைத்துக்கொள்ளத்தான் ஆசை. தீனிக்காரம்மாதான் கூடாது என்றாள்.

"தனியா வளர்ந்தா அது ஏங்கியே போயிடும் அண்ணா. கொட்டகையில கூட்டத்தோட விடுங்க. ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கம் வந்தா மட்டும் வாயத் திறக்காதீங்க, உங்க பின்னாடியே வந்துடும்."

பேசாமல் இருக்க எனக்கா சொல்லித்தர வேண்டும்? கொட்டகையில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். அது கத்தியதைக் கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். அடுத்து வந்த நாட்களில் கொட்டகையைத் தாண்டும்போதெல்லாம் இருமலைக்கூட அடக்கினேன்.

ஆறாம் நாள், பல்பை அணைத்துவிடலாமா என்று தீனிக்காரம்மா அந்தக் கோடியிலிருந்து கேட்டாள். நான் மறந்துபோய் "இருக்கட்டும்" என்றுவிட்டேன். சொன்னபிறகுதான் உறைத்தது, அப்படியே நின்றேன். தீனித்தட்டைச் சுற்றிக் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. காலில் மயிர் உரிந்த தடத்தோடு என்னுடையது நடுவில் இருந்தது. பக்கத்துக் குஞ்சை இடித்துத் தள்ளித் தின்றுகொண்டிருந்தது. தலையைத் தூக்கவில்லை.

நல்லது என்றேன். நிஜமாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக, நல்லது என்றேன்.