நூறாவது தலை

நூறு தலைக்குக் குறைந்தால் ஊரின் குறியீட்டு எண்ணைப் பிடுங்கி, பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். எந்தப் புண்ணியவான் போட்ட விதியோ! மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த டீச்சர், கடைசி வீட்டு மருமகளையும் சேர்த்துத் தொண்ணூற்றொன்பது எழுதியிருந்தாள்.

"மாமா தூங்குறாரு. அவரையும் எழுதிக்குங்க" என்று மருமகள் வாசலை மறித்தாள்.

டீச்சர் எட்டிப் பார்த்தாள். போர்வை அசையவில்லை. பொய்க்கணக்கு எழுதினால் வேலைக்கே உலை.

"எப்பம்மா போனாரு?"

மருமகள் உதட்டைக் கடித்தாள். "விடியக்காலை அஞ்சு மணிக்கு."

டீச்சருக்கு மூச்சு வந்தது. "நேத்து ராத்திரி பன்னெண்டு மணிக்கு உசுரோட இருந்தவங்க எல்லாருமே கணக்குல உண்டும்மா." நூறு என்று எழுதிக் காட்டினாள்.

மருமகள் அந்த எண்ணையே பார்த்தாள்.

"அப்ப இனிமே அழலாமா, டீச்சர்?"